அம்மா ஒட்டிய சிவப்பு அம்புகள்

சின்னச் சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர். நகத்தளவுதான் இருக்கும். அதன் பசை வாசனை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை...

மலேசியாவின் கிள்ளானில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் மாடி டெரஸ் வீட்டை விற்பது என்று முடிவான வாரம், அம்மா அந்த ஸ்டிக்கர் சுருளை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

அம்மா தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ஃபேக்டரியில் கியூ.சி. வேலை பார்த்தவர். லைனில் வரும் பொருளில் எங்கே கீறல், எங்கே பிசிறு என்று பார்த்து, அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும். நான் பள்ளியில் படித்த காலத்தில் அம்மாவின் யூனிஃபார்ம் பாக்கெட்டில் அந்த ஸ்டிக்கரும் வீட்டுக்கு வந்துவிடும். என் ஹோம்வொர்க்கில் தப்பு இருந்தால் அங்கேயும் ஓர் அம்பு. திட்ட மாட்டார், அடிக்க மாட்டார்... அம்பைப் பார்த்ததுமே நான் ரப்பரைத் தேடுவேன்.

வேலையை விட்டுப் பல வருடம் ஆகியும் ஒரு சுருளைத் தையல் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்!

அப்பாவுக்கு முட்டி தேய்ந்துபோய் மாடிப்படி ஏற முடியவில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுப் பக்கத்திலேயே லிஃப்ட் உள்ள அபார்ட்மெண்ட் ஒன்று பார்த்து வைத்திருந்தோம். இந்த வீடு நல்லபடியாக விற்றால்தான் அது. எனக்கோ ஒரே பதற்றம். அம்மாவோ சுவரில் இருந்த நீர்க்கறையில் ஓர் அம்பு, விரிசல் விட்ட டைலில் ஓர் அம்பு, சாமி மேடைக்கு மேலே கற்பூரக் கரியில் ஓர் அம்பு என்று ஒட்டிக்கொண்டே போனார். எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று.

"ம்மா, வாங்க வர்றவங்க இதப் பாத்தா ஓடிருவாங்கம்மா!"

"ஓடட்டும். வாங்கிட்டு அப்புறம் என்னைத் திட்டுறத விட இது நல்லது லா."

முதலில் வந்த ஏஜெண்ட் நல்ல டிப்டாப். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் "அங்கிள், அங்கிள்" என்று பேசினார். அம்மா மைலோ கொண்டுவந்து வைத்தபோது தலைகூட நிமிரவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே, "நான் இங்க குடியிருக்கறவன்தான் பாஸ். ஓனரு அவங்க" என்று அம்மாவைக் காட்டினார். அந்த ஆள் ஜோக் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்.

ஜோக் இல்லை. அப்பா லோரி ஓட்டியவர், பே ஸ்லிப் கிடையாது. பேங்க்காரன் அம்மாவின் பே ஸ்லிப்பைப் பார்த்துத்தான் லோன் கொடுத்தான். வீட்டுப் பத்திரத்தில், அதாவது நாங்கள் சொல்கிற கெரானில், ஒரே ஒரு பேர்தான்: சரோஜா த/பெ முனுசாமி.

இரண்டாவது ஏஜெண்ட் சொந்தக்காரர் ஒருவர் அனுப்பி வைத்தவர். வந்ததும் வராததுமாகச் சுவரில் இருந்த அம்பைப் பிய்த்துப் போட்டார்.

"ஒரு கோட் பெயிண்ட் அடிச்சா எவனுக்குத் தெரியும் ஆன்டி? வித்துட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம் லா."

அந்த ஆளின் கார் கிளம்பியதும், அம்மா கீழே கிடந்த அம்பை எடுத்து, அவர் கொடுத்துவிட்டுப் போன நேம் கார்டில் ஒட்டிவிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை...

மூன்றாவதாக வந்த ஏஜெண்ட் ஒரு சின்ன வயதுப் பெண். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் கேட்ட முதல் கேள்வி:

"கெரான் யாரு பேருல இருக்கு ஆன்டி?"

"என் பேருல."

"அப்ப நான் உங்ககிட்டதான் பேசணும்" என்று நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிப் போட்டாள். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்து ஒவ்வோர் அம்பையும் போட்டோ எடுத்தாள். பழுது பார்க்க முடிந்ததைப் பார்த்துவிடலாம், மிச்சத்தை வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றாள். கடைசியில் பின்கதவு கிரில்லுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தவள், "ஆன்டி, இந்தக் கீல் துரு பிடிச்சிருக்கு, இத விட்டுட்டீங்க. ஒரு ஸ்டிக்கர் குடுங்க" என்றாள்.

அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு ஸ்டிக்கரை உரித்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இந்தப் புள்ளதான்" என்றார். வேறு பேச்சே இல்லை.

இரண்டு மாதத்தில் வீடு விற்றது. வாங்கிய கணவன் மனைவி, மிச்சம் இருந்த ஆறு அம்புகளையும் பார்த்த பிறகுதான் சரி என்றார்கள்.

கையெழுத்துப் போட லாயர் ஆபீஸுக்குப் போனோம். அங்கிருந்த கிளார்க் பேப்பர்களைப் பழக்கதோஷத்தில் அப்பா முன்னால் வைத்தார். அப்பா அலட்டிக்கொள்ளாமல் அம்மா பக்கம் தள்ளிவிட்டார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டியவர், அப்படியே நின்றுவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்!

"என்னாம்மா இது, எல்லாப் பக்கத்துலயும் தப்பா இருக்கு?"

கிளார்க் சிரித்துவிட்டார். "தப்பு இல்ல ஆன்டி. நீங்க சைன் பண்ற எடம்."

வாழ்க்கை முழுக்கக் குறை காட்டிய அம்பு, அன்றைக்கு ஒவ்வொரு பக்கத்திலும் அம்மாவின் பேரைக் காட்டிக்கொண்டு இருந்தது. அம்மா நிதானமாக, ஒரு பக்கம் விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு பெருமையாக இருந்தது.

இப்போது இருவரும் பிரிக்ஃபீல்ட்ஸில், எனக்கு ஐந்து நிமிட நடையில். புது அபார்ட்மெண்டின் சமையலறைக் குழாயில் ஏற்கெனவே ஓர் அம்பு ஒட்டியாகிவிட்டது. முன்பெல்லாம் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு ரயிலேறும்போது யார் கேட்டாலும், "அம்மா வீட்டுக்குப் போறேன்" என்பேன். கல்யாணமான எல்லாப் பெண்களும் சொல்வதுதானே, நானும் யோசிக்காமல் சொன்னேன்...

இப்போதும் அதையேதான் சொல்கிறேன். அம்மா வீட்டுக்குப் போறேன். வேண்டுமானால் புது வீட்டுக் கெரானையும் எடுத்துப் பாருங்கள்.