பதின்மூன்றாம் நம்பர் வைஃபை

பால் விடாத கட்டன்காப்பியை ஒரு மிடறு குடித்ததும் தொம்மிச்சன் விசாரணையைத் தொடங்கிவிட்டார். "கடைசியா யாரு தொட்டது? எந்தப் பட்டனை அமுக்கினீங்க? மறைக்காமச் சொல்லணும்."

கேரளத்தில் பாலா ஊர்ப் பக்கத்து மலைச்சரிவில் இருபது வருஷம் கேபிள் இழுத்தவர், இப்போது வீடு வீடாக வைஃபை மாட்டுகிறார். கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் சர்ச்சில் பாவமன்னிப்புக் கேட்கவைப்பதுபோல் வீட்டாருக்குக் கும்பசாரம் நடத்துவது அவர் வழக்கம். பாவத்தை ஒப்புக்கொண்டால் பாதி ரிப்பேர் முடிந்தது என்பார். பாதிரியாரிடம் வாய் திறக்காதவர்கள்கூட, கீபோர்டில் மீன்குழம்பு கொட்டியதை இவரிடம் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று மாட்டியவள் ஜின்சி. டெக்சாஸில் நர்ஸ்; நேற்றுதான் லீவில் வந்தாள். மூன்று மணிக்கு ஆன்லைன் தேர்வு. தேறினால் பகல் டியூட்டி. விட்டால் இன்னும் ஒரு வருஷம் ராத்திரி டியூட்டிதான். மணி இரண்டரை தாண்டிவிட்டது. அப்பா குரியச்சனின் போனில் ஜம்மென்று வருகிற வீட்டு வைஃபை, அவள் லேப்டாப்பில் பேருக்குக்கூட இல்லை. ரப்பர் தோட்டத்துக்குள் மொபைல் ரேஞ்சும் கிடையாது.

"மேல்வீட்டு வைஃபை மட்டும் முழுசாத் தெரியுது சேட்டா."

குரியச்சன் சீறினார். "அந்த எல்லைத் தகராறுக்காரன்கிட்டப் போய்ப் பாஸ்வேர்டு கேக்கணுமா? அதுக்கு நீ பரீட்சையே எழுத வேண்டாம் மோளே!"

"சண்டையை அப்புறம் வச்சுக்கலாம் அச்சாயா." தொம்மிச்சன் ஜின்சி பக்கம் திரும்பினார். "நீ என்ன பண்ணினே கொச்சே?"

"சத்தியமா ஒண்ணும் பண்ணலே. நேத்து கொச்சி ஏர்போர்ட்டுலகூட நல்லா வேலை செஞ்சுது."

"வாங்கினது எங்கே?"

"டெக்சாஸ்லதான்."

தொம்மிச்சன் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ மாதாவே! குத்தம் என்னோடது. பாவி நான்தான்!"

போன மாதம் அக்கம்பக்கத்து வைஃபைகள் ஒன்றோடொன்று முட்டித் திணறியபோது, இந்த வீட்டு மோடத்தை, வைஃபை அலைவரிசைகளில் காலியாகக் கிடந்த பதின்மூன்றாம் சேனலுக்கு மாற்றியவர் அவரே. ராசியில்லாத நம்பர் என்று மற்ற வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்றிருந்தார்கள். ஜின்சியின் அமெரிக்க லேப்டாப்புக்கோ பதினொன்றாம் சேனலுக்கு மேல் கண் தெரியாது.

"அமெரிக்காக்காரனுக்கும் பதிமூணுன்னா பயமா?" என்றார் குரியச்சன்.

"அவனுக்குப் பயமில்லே, அங்கே சட்டம் பதினொண்ணோட நிறுத்திடுச்சு. பயமெல்லாம் எனக்குத்தான். மணியைப் பாருங்க, ரெண்டே முக்கால்!"

சேனலை மாற்றி மோடத்தை அணைத்துப் போட்டார். அது உயிர் பிடிக்க இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷமும் ஜின்சி திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துடுச்சு சேட்டா! வந்துடுச்சு!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அழுகையெல்லாம் பாஸானப்புறம். போய் எழுது, போ."

அறைக் கதவு சாத்திக்கொண்டது. அந்நேரம் பார்த்துத் தொம்மிச்சனின் போன் அலறத் தொடங்கியது. ஞாயிறு பூசையில்கூட அவர் அணைக்காத போன் அது. பதறி எடுத்து, யாரென்றும் பார்க்காமல் அணைத்தார். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி படியிறங்கினார்.