ஒரே பதிவுக்கு ஒன்பது நகல்கள்

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் உட்காரும் அந்த அம்மாளை எல்லாரும் லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மேசை இழுப்பறையில் கைப்பிடி உடைந்த ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பாள். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முதலில் அதன் வழியாகக் கையெழுத்தைப் பார்ப்பாள், பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு நீட்டியவரின் முகத்தைப் பார்ப்பாள். ஒன்றும் மறைக்காதவர்களுக்குக்கூட அந்தப் பார்வையில் உள்ளங்கை வியர்த்துவிடும்.

அவள் வேலை இறப்புச் சான்றிதழுக்குச் சான்றிட்ட நகல் கொடுப்பது. ஒருவர் செத்துப்போனால் வீட்டுக்கு ஒரு அசல் சான்றிதழ்தான் கிடைக்கும். ஆனால் பாங்கு, வீட்டு வரி, ஓய்வூதியம், கேஸ் இணைப்பு என்று போகிற இடமெல்லாம் ஒன்று கேட்பார்கள். அதனால் ஜனங்கள் மூன்றாம் ஜன்னலுக்கு வருவார்கள். இவள் தடித்த பதிவேட்டைத் தேடி எடுத்து, நகலை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, ‘மூலத்துக்குச் சரியான நகல்’ என்ற முத்திரையைக் குத்திக் கீழே கையெழுத்துப் போடுவாள்.

அவள் பிறவியிலேயே சந்தேகப் பேர்வழி இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு ஆள் கண் சிவக்க வந்து நின்றான். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான், நான்கு நகல் வேண்டும் என்றான். அவன் அழுத அழுகையில் இவள் வேறெதையும் விசாரிக்கவில்லை. வரிசையில் நிற்க வைக்காமல் அன்றைக்கே கொடுத்தனுப்பினாள். நாலு மாதம் கழித்து, சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திய ஒரு மனிதர் அதே ஜன்னலுக்கு வந்தார்.

“ஏம்மா, நான் செத்துட்டேன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களாமே? அந்தக் கையைக் கொஞ்சம் காட்டுங்க, பாத்துட்டுப் போறேன்.”

தம்பிக்காரன் பொய்யாகப் பதிவு செய்திருந்தான். பதிந்தது வேறு ஆள், விசாரிக்காமல் விட்டது வேறு ஆள். ஆனால் நகலில் இருந்தது இவள் கையெழுத்து. அந்த அண்ணன் உயிரோடிருப்பதை நிரூபிக்கப் பதினோரு மாதம் அலைந்தார். வரும்போதெல்லாம் மூன்றாம் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “இன்னிக்கும் மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்கேன், குறிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போவார். பக்கத்து ஜன்னல்காரர்கள் சிரிப்பார்கள். இவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். பூதக்கண்ணாடி வாங்கியது அந்த வருஷம்தான்.

வீட்டிலும் அந்தச் சந்தேகம் தொற்றிக்கொண்டது. வீட்டுக்காரர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாளெல்லாம் புதியவர்கள் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பழகியவர், ஆகையால் பொறுமைசாலி. பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் “எங்கே போயிருந்தீங்க?” என்பாள். “எனக்குத் தெரியாதும்மா, நீயே கண்டுபிடிச்சுச் சொல்லு” என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்.

இப்படிப்பட்டவளின் கண்ணில் பட்டார் அந்தக் கிழவர்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, ஜன்னல் திறந்த அரை மணிக்குள் வந்துவிடுவார். துணிப்பை, பைக்குள் அட்டைக் கோப்பு, காதில் செருகிய பென்சில். மனைவியின் இறப்புச் சான்றிதழுக்கு ஒரு நகல் கேட்பார். ‘எதற்காக’ என்ற கட்டத்தில் முதல் முறை ‘வங்கி’ என்றும் இரண்டாம் முறை ‘ஓய்வூதியம்’ என்றும் எழுதினார். மூன்றாவதிலிருந்து ‘சொந்தத் தேவை’ என்று மட்டும்.

நான்காவது முறை லென்ஸ் அக்காவுக்கு மூக்கில் வியர்த்தது. ஏழாவது முறை பழைய விண்ணப்பங்களை எல்லாம் கோப்பிலிருந்து உருவி ஒன்றாக வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே கையெழுத்து. தலைப்பெழுத்துக்குப் பின்னால் புள்ளி, பெயருக்குக் கீழே நேர்கோடு. இத்தனை நகலை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் என்ன செய்கிறார்? ஒவ்வொரு ஊரிலும் போய் மனைவி இல்லாதவன் என்று காட்டிப் பெண் கேட்கிறாரா? யாருக்காவது விற்கிறாரா? எழுபது வயசுக்கு மேலே இருக்கும், ஆனால் வயசை வைத்து யாரையும் நம்பிவிட முடியாது.

ஒன்பதாவது செவ்வாய்க்கிழமை அவள் நகலைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பலகையைச் சாத்தினாள். பின்வழியாக வந்து தாழ்வாரத் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். கிழவர் பெஞ்சில் உட்கார்ந்து முந்தின மாத நகலை ஒரு தொடையிலும் புதியதை மறு தொடையிலும் விரித்திருந்தார். பென்சில் முனை வரி வரியாக நகர்ந்தது. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. கடைசி வரி வந்ததும் நீண்ட மூச்சு விட்டு இரண்டையும் கோப்புக்குள் வைத்தார்.

இதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

“பெரியவரே, ஒண்ணு கேக்கலாமா? ஒரே ஆளுக்கு ஒம்பது நகல் எதுக்கு?”

அவர் திடுக்கிடவில்லை. கோப்பை மட்டும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“மாறிடுச்சான்னு பாக்கறேன்.”

“எது?”

“எழுத்து.”

அவர் அச்சகத்தில் நாற்பது வருஷம் புரூஃப் பார்த்தவர். மனைவி நீராவிச் சலவைக்கூடம் ஒன்றில் ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் பகுதியில் வேலை செய்தவர். ஒரு நாள் பாய்லர் வெடித்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார். பதிவேட்டில் இறப்புக்குக் காரணம் ‘பாய்லர் வெடித்ததில் ஏற்பட்ட தீக்காயம்’ என்று ஏறியது. மறு வாரம் சலவைக்கூடத்து மேனேஜர் வீட்டுக்கு வந்தார்.

“மாரடைப்புன்னு மாத்தி எழுதிக்கலாம் ஐயா, விசாரணை அது இதுன்னு இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அலைச்சல்னாரு. முடியாதுன்னேன். சண்டை போட்டிருந்தா நான் பயந்திருக்க மாட்டேன்மா. சரிங்க ஐயான்னு சிரிச்சுட்டுப் போனாரு. அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கல. விசாரணை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அதுக்குள்ள இங்க யாராவது கை வெச்சுட்டா?”

“நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்த நகலையா சந்தேகப்படறீங்க?”

“உங்களையும் சேத்துத்தாம்மா.”

பதினெட்டு வருஷ வேலையில் அவளை நேருக்கு நேர் சந்தேகப்பட்டவர் இவர் ஒருவர்தான். சுருக்கென்று தைத்தது. சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“உன்னையே ஒருத்தர் சந்தேகப்பட்டாரா? அவர் விலாசம் என்ன? கை குடுத்துட்டு வரேன்.”

அவள் சிரிக்கவில்லை. கிழவர் சொன்னது தலைக்குள் பல்லிடுக்கில் மாட்டிய நார் போல உறுத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அலமாரிக்குப் போனாள். கிழவரின் மனைவி இறந்த மாதத்துப் பதிவேடு இருந்த இடத்தில் கையகல இடைவெளி. நேற்றுக் காலை அவளே அதை எடுத்துப் பார்த்து அதே இடத்தில் வைத்திருந்தாள். கம்ப்யூட்டரில் உட்காரும் பையனிடம் (கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றும் ஆபீசுக்கு இன்னும் ‘பையன்’தான்) கேட்டாள்.

“சார் ரூம்ல இருக்குக்கா. நேத்து சாயங்காலம் கேட்டாரு, குடுத்தேன்.”

“எதுக்குன்னு கேட்டியா?”

“உங்களை மாதிரி நான் அவரைக் கேக்க முடியுமா?”

பதிவாளர் போனில் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் மாற்றலாகி வந்தவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். “நகல் ஒண்ணு எடுக்கணும் சார்” என்று அவள் சொன்னதும் மேசை ஓரத்திலிருந்த பதிவேட்டைப் பார்க்காமலே தள்ளிவிட்டார். அதைத் தூக்கிக்கொண்டு வரும்போதே உள்ளே ஒரு காகிதம் மடங்கி இருப்பது விரலில் தட்டுப்பட்டது. ஜன்னலுக்கு வந்ததும் அந்த இடத்தைப் பிரித்தாள்.

கிழவரின் மனைவியின் இறப்பைப் பதிந்திருந்த பக்கம்தான். உள்ளே ஒரு திருத்த விண்ணப்பம். ‘என் மனைவியின் இறப்புக்கான காரணம் தவறாகப் பதிவாகியுள்ளது, மாரடைப்பு எனத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ கீழே கணவரின் கையெழுத்து. கூடவே ஏதோ ஒரு டாக்டரின் கடிதம். பதிவாளர் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் பதிவேட்டின் ஓரத்தில் திருத்தம் ஏறிவிடும். அதற்குப் பிறகு இவள் எத்தனை முறை ஒப்பிட்டுக் கொடுத்தாலும் நகலில் மாரடைப்புதான் வரும், இவள் கையெழுத்தோடு.

இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஒன்பது விண்ணப்பங்களையும் வரிசையாகப் பரப்பிப் பத்தாவதாக இதை வைத்தாள். வளைவு, சாய்வு, அடிக்கோடு எல்லாம் அச்சு அசலாக இருந்தன. தலைப்பெழுத்துக்குப் பின்னால் மட்டும் புள்ளி இல்லை. ஊரார் விட்ட புள்ளியை நாற்பது வருஷம் தேடித் தேடி வைத்த மனுஷன் தன் பெயரிலேயே ஒரு புள்ளியை விடுவாரா?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. விண்ணப்பத்தில் வரவு எண் இல்லை. வாசலில் வாங்கிப் பதியாமல் நேராக அறைக்குள் போயிருக்கிறது. எண் இல்லாத காகிதத்தைக் கிழித்துப் போட்டால் கேட்பாரில்லை.

யாரைச் சந்தேகப்படுவது? பதிவாளரா? சொன்னதும் எடுத்துக்கொடுத்த பையனா? வாசலில் மனு எழுதும் ஆள் இதைக் கொண்டுவந்தானா? எழுந்து போய் வரவுப் பதிவேட்டில் அந்த விண்ணப்பத்தைத் தன் கையாலேயே ஏற்றி, எண்ணும் தேதியும் போட்டு முத்திரை குத்தினாள். விண்ணப்பத்தின் ஓரத்தில் மையால் எழுதினாள்: ‘கையெழுத்து முந்தைய ஒன்பது விண்ணப்பங்களோடு ஒத்துப்போகவில்லை. விண்ணப்பதாரரை நேரில் விசாரிக்கவும்.’ இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒன்றைக் கைப்பைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகுதான் கிழவருக்குப் போன் செய்தாள்.

“எதுக்கு வரச் சொல்றீங்க?” என்றார் அவர். குரலிலேயே தாழ்ப்பாள் போட்டிருந்தார்.

“உங்க சந்தேகம் சரியாத்தான் இருக்கு. வாங்க.”

மத்தியானம் வந்தார். விண்ணப்பத்தை வாங்கிப் படித்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒற்று விட்டுப்போன ஓர் இடத்தைச் சுழித்தார், ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினார். அப்புறம்தான் தலையைத் தூக்கினார்.

“இது நான் எழுதல.”

இருவருமாகப் பதிவாளர் அறைக்குப் போனார்கள். அவர் விண்ணப்பத்தைப் பார்த்தார், ஓரத்தில் இருந்த மையைப் பார்த்தார், வரவு எண்ணைப் பார்த்தார். முகம் ஒரு கணம் வெளுத்ததோ, ஜன்னல் வெளிச்சம் பட்டு அப்படித் தெரிந்ததோ, லென்ஸ் அக்காவால் தீர்மானிக்க முடியவில்லை.

“தினம் அம்பது காகிதம் வருது. இதையும் யாரோ மேசையில வெச்சுட்டுப் போயிட்டாங்க போல” என்றார். “எண் போட்டது யாரு?”

“நான்தான் சார்.”

“என்னைக் கேக்காமலா?”

“வர்ற காகிதத்துக்கெல்லாம் எண் போடணும்னு போன மாசம் சுற்றறிக்கையில கையெழுத்துப் போட்டது நீங்கதானே சார்.”

அதற்கு மேல் அவருக்கு வேறு வழியில்லை. போலீசுக்குப் புகார் அவர் கையெழுத்திலேயே போனது. வாசலில் மனு எழுதுபவனை விசாரித்தபோது, சலவைக்கூடத்து மேனேஜர்தான் எழுதச் சொன்னார், கையெழுத்துக்கு மாதிரியும் அவரே கொடுத்தார் என்று ஒத்துக்கொண்டான். மாதிரி எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டதற்கு, மனைவியின் வேலைச் சேர்க்கைப் படிவத்தில் கணவர் என்று கிழவர் போட்டிருந்த பழைய கையெழுத்து என்றான். அறைக்குள் கொண்டுபோய் வைத்தது யார் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

மூன்று மாதத்தில் விபத்து விசாரணை நடந்தது. மனு எழுதுபவன் போலீசுக்குப் பயந்து பொய் சொன்னான் என்றும், காரணம் முதலிலேயே தவறாகப் பதிவாகியிருந்தது என்றும், திருத்தக் கேட்டவர் கணவர்தான் என்றும் சலவைக்கூடத்து வக்கீல் வாதாடிப் பார்த்தார். கிழவர் தன் கோப்பைத் திறந்து, அந்த விண்ணப்பத்துக்கு முன் வாங்கிய ஒன்பது நகல்களையும் தேதி வரிசைப்படி மேசைமேல் அடுக்கினார். ஒவ்வொன்றிலும் அதே வரி, ஒவ்வொன்றிலும் முத்திரை. திருத்தம் வேண்டும் என்று நினைத்தவர் மாதா மாதம் வந்து திருத்தாத நகலை வாங்கிப் போவாரா என்று விசாரணை அதிகாரி கேட்டார். வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார். பாய்லரை நான்கு வருஷமாக யாரும் பரிசோதிக்கவில்லை என்பது அடுத்த நாள் வெளியே வந்தது. மேனேஜர் மீது வழக்குப் பதிவானது, சலவைக்கூடத்துக்குச் சீல் வைத்தார்கள்.

பதிவாளர் அந்த வருஷக் கடைசியில் வழக்கமான மாற்றலில் வேறு அலுவலகத்துக்குப் போனார். போகும்போது, “நீங்க இல்லேன்னா நான் மாட்டியிருப்பேன்” என்று லென்ஸ் அக்காவிடம் சொன்னார். அது நன்றியா, வேறு ஏதாவதா என்று இன்று வரைக்கும் அவள் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். “நன்றின்னே வெச்சுக்கயேன், தூக்கமாவது வரும்” என்கிறார் அவர். அவளுக்கு வரவில்லை.

விசாரணை முடிந்த அடுத்த முதல் செவ்வாய்க்கிழமையும் கிழவர் மூன்றாம் ஜன்னலில் நின்றார்.

“இன்னுமா நம்பிக்கை வரல?” என்றாள்.

“உங்க மேல கொஞ்சம் வந்திருக்கு. ஆபீஸ் மேல வரல.”

அவள் விண்ணப்பத்தை வாங்கவில்லை. அலமாரியிலிருந்து பதிவேட்டையே தூக்கி வந்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். இதுவரை நகல்களை மட்டுமே பார்த்த மனிதர். நீல மையில், யாரோ ஒரு குமாஸ்தாவின் சாய்ந்த எழுத்தில், மனைவியின் பெயர். அதன்மேல் விரலை வைக்காமல் சற்று மேலாக நகர்த்தி நெடுநேரம் படித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். லென்ஸ் அக்கா அவர்களை ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டார்கள்.

“அவ பேர்ல ஒரு நெடில் வரும்” என்றார் கிழவர். “பள்ளிக்கூடத்துல, ரேஷன் கார்டுல, கம்பெனியில, எல்லாரும் குறிலாத்தான் எழுதுவாங்க. இதுல சரியா எழுதியிருக்காங்க.”

பதிவேட்டை அவரே மூடி அவள் பக்கம் தள்ளினார். இப்போது மாதா மாதம் வருவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார்.