கால் சேர்ந்த பிறகு மனசுக்கு மருந்து வாங்க மதுரைக்குப் போனது

விபத்தில் முறிந்த எலும்பு சேர்ந்த பிறகும் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை, யாரிடம் போவது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்காக 1974இல் நான் போன பயணத்தை எழுதுகிறேன். கட்டணமெல்லாம் அந்தக் காலத்தது. வழி மாறவில்லை.

எனக்குப் புதுவயலில் அரிசி ஆலை. மூட்டை தூக்க வந்து, ஆலைக்குச் சொந்தக்காரன் ஆனவன். அந்த வருஷம் மாசியில் நெல் மூட்டை அடுக்கு சரிந்து என்மேல் விழுந்தது. தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்து, நாலு மாதம் படுக்கை. ஆனியில் கோலூன்றி நடந்துவிட்டேன். ஆனால் ஆலைக்குள் கால் வைத்தால் நெஞ்சு படபடக்கும், சட்டை நனைந்துவிடும். தூக்கம் இல்லை. எதைத் தின்றாலும் மண் மாதிரி இருந்தது. ஆலையைக் குத்தகைக்கு விட்டுவிட முடிவு செய்து, ஒரு பார்ட்டியை ஆவணிக் கடைசியில் வரச் சொல்லிவிட்டேன்.

எலும்பு டாக்டர் எப்போதோ மதுரையில் ஒரு மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். நான் அதைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டேன். என் மனைவி மீனாள் அதை எடுத்து நீட்டினாள்.

“குத்தகைக்கு விடுங்க, வேணாங்கல. இவரப் பாத்துட்டு விடுங்க. பயந்துக்கிட்டுப் பேசுனா ரேட்டுப் படியாதுன்னு நீங்கதான சொல்லுவீக?”

என் சரக்கை எனக்கே விற்றுவிட்டாள். ஆடி இரண்டாம் வாரம் கிளம்பினோம். ஊரில் கேட்டவர்களிடம் காலைக் காட்டப் போவதாகச் சொன்னேன்.

காரைக்குடி பன்னிரண்டு கிலோமீட்டர். எங்கள் லாரி டிரைவர் காதர் கொண்டுபோய் விட்டான். நாற்பது நிமிஷம் ஆனது. முந்தின வருஷம் அவன் லாரி ஒரு தடவை கவிழ்ந்தது. அவனுக்கு ஒரு கீறல் இல்லை, ஆனால் அதிலிருந்து உருட்டித்தான் ஓட்டுவான். காதர் வண்டியை மாடு முந்திவிடும் என்று லோடு ஏற்றுகிறவர்கள் கேலி செய்வார்கள், நானும் சேர்ந்துதான்.

ஆறு பத்துக்கு மதுரை பஸ். ஆளுக்கு நாலே முக்கால் ரூபாய். திருப்பத்தூர் வருவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. மேலே கட்டியிருந்த மூட்டைகள் கூரையோடு என்மேல் இறங்கப்போகிற மாதிரி தோன்றியது. ஆறே முக்காலுக்கு இறங்கிவிட்டேன், டிக்கெட் போனது. மீனாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. டீ வாங்கித் தந்தாள். ஏழு நாற்பதுக்கு அடுத்த பஸ் வந்தது, ஏறினோம்.

பத்து மணிக்கு மதுரை. பஸ் நிலையத்திலிருந்து டாக்டர் வீட்டுக்கு ரிக்‌ஷா ஒரு ரூபாய். பேச்சு முக்கால் மணி நேரம், பதினைந்து ரூபாய். இரண்டு வகை மாத்திரை கொடுத்தார். வாய் வறளும், மந்தமாக இருக்கும், குணம் தெரிய மூன்று நாலு வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது, மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்றார்.

நான் ஐந்தாம் நாளே நிறுத்தினேன். நாக்கு வறண்டதுதான் மிச்சம். மூட்டையில் குத்தூசி போட்டு, வருகிற ஒரு கை அரிசியைப் பார்த்தே நூறு மூட்டையைத் திருப்பி அனுப்புகிறவன் நான். மாத்திரையையும் அப்படியே பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது மீனாள் டாக்டரிடம் போட்டு உடைத்துவிட்டாள். அவர் கோபப்படவில்லை. நெல் அவிப்பதற்கு எத்தனை நேரம் ஊறப்போடுவீர்கள் என்று கேட்டார். இரண்டு நாள் என்றேன்.

“அஞ்சு மணி நேரத்துல எடுத்து அரைச்சா?”

“நொறுங்கிப்போகும்.”

“அப்ப ஊற விடுங்க” என்று சொல்லி, மறுபடி எழுதிக் கொடுத்தார்.

இந்தத் தடவை நாள் தவறாமல் தின்றேன். முதலில் தூக்கம் வந்தது. வேறொன்றும் தெரியவில்லை. நாலாம் வாரம் ஒரு மத்தியானம், “என்ன இது, கொழம்புல உப்பே இல்ல?” என்றேன். மீனாள் கரண்டியோடு அப்படியே நின்றாள். “மூணு நாளா இல்ல. இன்னைக்குத்தான் கேக்குறீக” என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே குத்தகைப் பார்ட்டி வந்தார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு ஆலைக்குள் போய் அந்த அடுக்குக்குப் பக்கத்தில் நின்றேன். நெஞ்சு படபடத்தது. ஆனால் நின்றேன். மாத்திரையை ஒன்றரை வருஷம் தின்று, டாக்டர் சொல்லச் சொல்லக் குறைத்துத்தான் விட்டேன்.

போகிறவர்களுக்கு என் யோசனை: கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், உங்களைத் திட்டாத ஆளாக. என்னென்ன செய்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், டாக்டர் முன்னால் வாய் வராது. அடுத்தவன் தின்ற மாத்திரையைக் கேட்டு வாங்காதீர்கள். காலைக் காட்டப் போனேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏன் என்றால், நான் ஆலைக்குத் திரும்பிய அன்று, காலைப் பார்த்த டாக்டர் யார் என்று எல்லோரும் கேட்டார்கள். கால் இல்லை, மனசுக்குப் போனேன் என்று லோடு ஆட்கள் முன்னாலேயே சொன்னேன். ஒருத்தன் வாயைப் பொத்திச் சிரித்தான். காதர் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு லாரிச் சாவியை உருட்டிக்கொண்டே வந்தான்.

“அந்த பஸ்சு எத்தன மணிக்குண்ணே?”

“ஆறு பத்து. திருப்பத்தூர்ல எறங்கிரலாம்னு தோணும். எறங்கு. டீ குடிச்சிட்டு அடுத்த பஸ்ல ஏறு. நான் கூட வாரேன்.”