சிலி மாணவர்களும் கொழும்பு லொட்ஜும்

உயர்கல்வி நிர்வாகம் என்பது, படிப்பை விட்டு ஓடப் பார்க்கிற மாணவனைப் பின்னால் நின்று சேர்ட்டில் பிடித்து இழுக்கிற தொழில். அதற்கும் ஒரு மேற்படிப்பு இருக்கிறது. டென்மார்க்கில், ஓல்போர்க் பல்கலைக்கழகத்தில் நான் அதைப் படித்தேன்.

இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த எங்கள் ஆட்கள் குடும்பங்களைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்கள் எல்லாம் கொப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்த காலம் அது. என் மனைவி வசந்தியும் சின்ன மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்கள் டென்மார்க் வரலாம் என்றும் பதில் இல்லை, வரக்கூடாது என்றும் பதில் இல்லை. தபால் பெட்டியைத் திறந்து பார்த்து, மூடி, பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை திறந்து பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

போதுமான தகுதி

எங்கள் படிப்பில் ஒவ்வொருவரும் ஒரு வெளிநாட்டு மாணவர் குழுவை ஒரு வருஷம் பொறுப்பெடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்த எனக்குத் தமிழ்ப் பொடியன்கள்தான் கிடைப்பார்கள் என்று சந்தோஷமாக இருந்தேன். கிடைத்தவர்கள் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். சிலியில் இராணுவ ஆட்சிக்குத் தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள். பல்கலைக்கழகம் வரை வந்துவிட்டுப் பாதியில் காணாமல் போய்விடுகிறார்களாம். ஏன் என்று கண்டுபிடித்து நான் ஆய்வு எழுத வேண்டும்.

என் மேற்பார்வையாளர் பிர்கிற் என்ற டெனிஷ் பெண்மணி. அவரிடம் போய், எனக்கு ஸ்பானிஷில் ஒரு சொல்லும் தெரியாதே என்று முறையிட்டேன். அவர் கோப்பியை ஊற்றி என் பக்கம் தள்ளினார். "அவர்களுக்கும் இந்த நாடு விளங்கவில்லை, உமக்கும் விளங்கவில்லை. தொடங்குவதற்கு அது போதும்."

தகப்பனைக் கண்டு கதைத்தல்

குழுவிலேயே கெட்டிக்காரி மரிசோல். ஒரு நாள் வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டாள். இப்படியான நேரத்தில் மாணவிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு அவளாக வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது எங்கள் பாடம். காத்திருக்கிற வேலை எனக்கு ஏற்கனவே வீட்டில் வேண்டிய மட்டும் இருந்தது. ஊரில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் வராவிட்டால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். நல்ல சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டு, தகப்பனைப் பார்க்கப் போனேன்.

தகப்பன் ஹெக்டர் கதவைத் திறந்தார். வாசலுக்குப் பக்கத்தில் கட்டிய பயணப் பெட்டிகள் இரண்டு இருந்தன. மரிசோல் அடுத்த அறையில் இருப்பது தெரிந்தது, ஆனால் நான் அவளைக் கூப்பிடவில்லை. பெரியவர்கள் கதைத்து முடிப்பதுதானே முறை. பிள்ளையின் எதிர்காலம், நீங்கள் சொன்னால் கேட்பாள் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். மனிதர் கேக்கில் ஒரு துண்டு வெட்டி எனக்கே தந்தார். "வயது வந்த மகளைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்கள். என்னைப் பற்றி அறிய வேண்டுமென்றால் யாரிடம் போவீர்கள்?"

ஒரு வழி காட்டும்

சனிக்கிழமைகளில் இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு துணி ஆலையில் வேலை செய்தேன். அங்கே என்னோடு நின்றவர் சின்னராசா அண்ணை. அவருடைய மனைவியும் மன்னாரில் பதிலுக்குக் காத்திருந்தார். இடைவேளையில் எங்கள் ஆட்கள் கதைப்பது ஒரே கதைதான்: யாருக்காவது பதில் வந்ததா? ஒருத்தருக்கும் வந்திராது. ஆனால் யாருக்கோ வந்ததாக யாரோ சொன்ன கதை ஒன்று வாராவாரம் வரும். அது பொய் என்று தெரிந்தும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்போம்.

நான் 'பெரிய இடத்தில்' படிப்பதால், எனக்கு உள்விஷயம் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். தெரிந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போன் எடுத்துக் கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு மென்மையான குரல் சொல்லும். அதைச் சொன்னதும் சின்னராசா அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஸ்பானிஷ்காரற்றை பிள்ளையள் படிக்கிறதுக்கு வழி காட்டுறீர். எங்கட பெஞ்சாதிமார் வாறதுக்கும் ஒரு வழி காட்டுமன் ஐசே!"

மாற்றிச் சொல்லுங்கோ

என் அறையில் தொலைபேசி கிடையாது. அதனால் வசந்திக்குப் பல்கலைக்கழக இலக்கத்தைக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் வகுப்பு நடக்கும்போது காரியதரிசி கதவைத் தட்டி, "கொழும்பு" என்றார். இடையில் விடுகிறவர்களைத் தடுப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்த நான், அந்தச் சொல்லை அப்படியே இடையில் விட்டுவிட்டு ஓடினேன்.

மகளுக்குக் காய்ச்சல் என்றாள். ஊரடங்குச் சட்டம், மருந்துக் கடைகள் பூட்டு. லொட்ஜ்காரர் அறையை விடச் சொல்லுகிறார். ஓல்போர்க்கில் இருந்து நான் ஒரு பனடோலைக்கூட எடுத்துக் கொடுக்க முடியாது. அதனால், அடுத்த மாதம் கட்டாயம் பதில் வரும் என்றேன். வசந்தி சொன்னாள்: "இதைத்தானேயப்பா போனமுறையும் சொன்னனீங்கள். இனி ஏதும் மாற்றிச் சொல்லுங்கோ."

பெட்டியும் கோப்பையும்

கேக்கின் புண்ணியமோ என்னவோ, மரிசோல் திரும்பி வந்தாள். படிப்பை விடுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் சொன்னாள். சிலியில் ஆட்சி மாறப்போகிறது என்று தகப்பன் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார். மாறினால் அடுத்த நாளே போய்விடுவார்கள். அரைகுறைப் பட்டத்தை அங்கே கொண்டுபோய் என்ன செய்வது? அதனால் எதிலும் நிலைத்து நிற்பதில்லை. என் குழுவில் முக்கால்வாசிப் பேரின் கதை இதுதான் என்று அப்போதுதான் எனக்கு வெளித்தது.

உற்சாகத்தில் ஆய்வுக் குறிப்புகளை விரித்து வைத்துக்கொண்டு, "நாளைக்குப் போவதென்றாலும் இன்றைக்கு இங்கே வாழத்தானே வேண்டும்" என்று புத்தி சொன்னேன். மனைவி வந்தால் எங்கே தங்க வைப்பீர்கள் என்று அவள் திடீரென்று கேட்டாள். உண்மையைச் சொல்லிவிட்டேன். என் அறையில் ஒரு தலையணை, சாப்பிட ஒரு கோப்பை. இரண்டாவதை வாங்கக் கடை வரைக்கும் போவேன். வாங்கி வைத்தபின் 'இல்லை' என்று பதில் வந்துவிட்டால் அந்தக் கோப்பையை எப்படிப் பார்ப்பது என்ற பயத்தில் திரும்பி வந்துவிடுவேன். மரிசோல் சிரிக்கவில்லை. "நாங்கள் போய்விடுவோம் என்று பெட்டி கட்டி வைத்திருக்கிறோம். நீங்கள் அவர்கள் வராமல் போய்விடுவார்களோ என்று ஒரு கோப்பைகூட வாங்கவில்லை. எங்களில் யாருக்கு ஆலோசகர் தேவை, யோகன்?"

வாய்மொழிப் பரீட்சை

ஆய்வை எழுதி முடித்துப் பரீட்சைக்குப் போனேன். டென்மார்க்கில் இதற்கு வெளியில் இருந்தும் ஒரு பரீட்சகர் வருவார். வந்தவர் நரைத்த தாடிக்காரர், ஆய்வில் பக்கம் பக்கமாகக் கோடு போட்டுக் கொண்டு வந்திருந்தார். போகிறதா இருக்கிறதா என்று தெரியாமல் நிற்கிற மாணவருக்கு நிறுவனம் ஓர் இடத்தை வைத்திருக்க வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். அவர் அதிலே பிடித்தார். எவ்வளவு காலம் வைத்திருப்பது?

வாசித்து வைத்த பதில் ஒன்று இருந்தது. அது வாயில் வரவில்லை. "காலம் பெரிசில்லை. ஒருவருக்கு இடம் இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். அழுதுவிட்டு வேறு வழி பார்ப்பார். ஒன்றுமே சொல்லாமல் மேசையில் போட்டு வைத்திருந்தால், அந்த ஆள் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவரால்..." பிர்கிற் யன்னலைப் பார்த்தார். எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை முடக்கி வைத்திருந்த விஷயம் அப்போது பத்திரிகைகளில் வரத் தொடங்கியிருந்தது. தாடிக்காரர் பேனையை மூடி மேசையில் வைத்தார். "நாங்கள் இன்னும் சிலி மாணவர்களைப் பற்றித்தான் கதைக்கிறோமா?"

பரீட்சையில் நான் பாஸ். வசந்தியும் மகளும் வந்து சேர அதன்பிறகு இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. ஆக, பாதியில் விட்டுப் போகாமல் இருப்பது எப்படி என்று பட்டம் வாங்கியது நான், இருந்து காட்டியது வசந்தி.