நாற்பது ஏக்கருக்கு ஒரு வீடு

தண்ணீர்த் தொட்டியை யாரோ சுட்டபோது நான் அதன் அடியில் நின்று குளித்துக்கொண்டிருந்தேன். இரண்டு குண்டு. ஒன்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று. இன்னொன்று உள்ளேயே தங்கிவிட்டது. சோப்பு நுரையோடு தரையில் குப்புறக் கிடந்தேன். வண்டி போகிற சத்தம் கேட்ட பிறகு எழுந்து, குச்சியைச் சீவி மூன்று ஓட்டையிலும் அடித்து அடைத்துவிட்டு, மிச்சக் குளியலை முடித்தேன்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்குக் கிழக்கே மலையைத் தாண்டினால் வருகிற புல்வெளி அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் தூத்துக்குடியில் எட்டாவதோடு படிப்பை விட்டுக் கப்பலில் ஏறியவன். ஹூஸ்டனில் இறங்கினேன், திரும்ப ஏறவில்லை. பக்கத்தில் கேட்டி என்ற ஊரில் ஒரு மோட்டலில் கக்கூஸ் கழுவினேன். ஜெர்சி சிட்டியில் பெட்ரோல் போட்டேன். அங்கே கல்லாவைக் கொள்ளையடிக்க வந்த ஒருவன் என் இடது காதைப் பாதி அறுத்துவிட்டுப் போனான். காது ஆறியதும் மேற்கே கிளம்பினேன். எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றதில்லை. இந்தப் புல்வெளியில் மட்டும் இரண்டு வருஷம் நின்றேன்.

நிலம் இருபது ஏக்கர். வாங்கியவர் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் இன்ஜினியர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். முதல் நாள் நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டதற்குச் சிரித்தார்.

"அண்ணாச்சியா? ஏனுங்க, என்னப் பாத்தா மளிகைக்கடை வெச்சிருக்கறவனாட்டமா தெரியுது?"

அப்புறமும் அப்படியே கூப்பிட்டேன். அவரும் விட்டுவிட்டார்.

அந்த வட்டாரம் ஊர் எல்லைக்கு வெளியே, கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. நாற்பது ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம் என்பது சட்டம், ஜோனிங் என்பார்கள். இருபது ஏக்கர் வைத்திருப்பவர் மாடு மேய்க்கலாம், குடிசைகூடப் போட முடியாது. கவுண்டி இதை மாற்றி, ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடு என்று ஆக்கப் பார்த்தது. அப்படி மாறினால் நாலு வீடு வரும். அண்ணாச்சியும் அவருடைய மூன்று சிநேகிதர்களும் அக்கம்பக்கமாக இருந்துகொள்ளலாம் என்று திட்டம். அதற்கு முன்பே யாரோ வேலிக்கம்பியை வெட்டினார்கள், அளவுக்கு நட்ட முளைக்குச்சிகளைப் பிடுங்கி எரித்தார்கள். காவலுக்கு என்னை வைத்து, இருக்க ஒரு பழைய டிரெய்லரையும் இழுத்து வந்து போட்டார். அதுவும் சட்டப்படி அங்கே இருக்கக் கூடாததுதான்.

"ஜோனிங் மட்டும் மாறட்டுமுங்க," என்பார். "கிழக்கு ஓரத்துல உங்களுக்குன்னு ஒரு ரூம் கட்டித் தர்றேன். இருக்கற வரைக்கும் இருங்க. யாரும் எந்திரின்னு சொல்ல மாட்டாங்க."

எனக்கு அப்படி அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. மாலையில் கிழக்கு ஓரத்துக்குப் போய், ஜன்னல் எந்தப் பக்கம் வைப்பது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஊருக்கு அந்த நிலத்தின்மேல் அதிகாரம் கிடையாது. ஆனாலும் வீடுகள் வந்தால் வண்டிகள் ஊர் ரோட்டில்தான் போகும், பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்குத்தான் போவார்கள். அதனால் ஊர் என்ன சொல்கிறது என்று கவுண்டி கேட்டிருந்தது. ஊர் வேண்டாமென்றால் கவுண்டி கைவிட்டுவிடும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

பக்கத்து நிலம் அறுபது வயதுக்காரர் ஒருவரின் மாட்டுப் பண்ணை. அவருக்கு ஒரு மகள், முப்பது வயதிருக்கும். தினமும் காலை ஒன்பது மணிக்குக் குதிரையில் எங்கள் கேட்டைத் தாண்டித் தபால்பெட்டிவரை போய் வருவாள். அவரிடம் ஒரு வேலையாள். எப்போதும் வைக்கோல் தொப்பி போட்டிருப்பான். அந்தக் குதிரையைக் குட்டியிலிருந்து பழக்கியவன் அவன்தான். தொட்டியைச் சுட்டதும் அவன்தான் என்பது என் எண்ணம். தீவனக் கடையில் ஒருநாள் வரிசையில் எனக்குப் பின்னால் நின்று, "உங்க ஊருல இடம் தீர்ந்து போச்சா?" என்று கேட்டான். திரும்பி மூக்கில் குத்தினேன். அவன் என்னைத் தூக்கித் தீவன மூட்டைகளின்மேல் எறிந்து, இறங்கி வருவதற்குள் பூட்ஸ் காலால் விலாவில் மிதித்தான். இரண்டு எலும்பு. மூன்று வாரம் மல்லாந்தே தூங்கினேன்.

இலையுதிர்காலத்தில் ஊர்க் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். அன்று காலை அண்ணாச்சி மனைவியோடு காரில் வந்தார். அவரை நான் மதினி என்பேன். மதினி மடியில் ஒரு பூசணிக்காய், அந்த மாதம் இங்கே எல்லா வீட்டு வாசலிலும் கண், வாய் செதுக்கி வைப்பார்களே, அந்த ஆரஞ்சு நிறப் பூசணி.

"வெண்பூசணி எங்க தேடியும் கிடைக்கலீங்க. இது பரவால்லையா?"

"திருஷ்டிக்கு என்ன கலர் மதினி. உருண்டையா இருந்தாச் சரி."

"எதுக்கு இதெல்லாம்?" என்றார் அண்ணாச்சி. "நான் போய் ஹியரிங்குக்கு ஸ்லைடு ரெடி பண்ணோணும்."

"உங்க ஸ்லைடு வந்து காப்பாத்துமாக்கும். தொட்டியச் சுட்டவன் கண்ணு ஒண்ணு போதும்."

மேலே துளை போட்டுக் குங்குமத்தையும் மஞ்சளையும் கரைத்து ஊற்றினோம். சூடம் ஏற்றினேன். நிலத்தைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றினேன்.

"இங்கயே உடைச்சிரட்டா?"

"உள்ளாறயா? கண்ணேறு உள்ளாறயே நின்னுக்குமல்ல. ரோட்டுல உடைங்க," என்றார் மதினி.

கேட்டைத் திறந்துபோய்த் தார் ரோட்டின் நடுவில் ஓங்கி உடைத்தேன். சிவப்புத் தண்ணீர் ரோட்டின் அகலத்துக்குத் தெறித்தது. உடைத்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது, சிதறியதைத் தொடக் கூடாது. அப்படியே வந்துவிட்டேன். எங்கள் ஊரில் லாரி போகிற ரோட்டிலேயே உடைப்போம். சைக்கிள்காரன் வழுக்கி விழுந்தால் ஏசிவிட்டுப் போவான். ஒன்பது மணிக்கு அந்தப் பெண் வருவாள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாகப் பார்த்ததுதான். ஆனாலும் தோன்றவில்லை.

லாடம் தாரில் இழுபடுகிற சத்தம் முதலில் கேட்டது. ஓடினோம். குதிரை பக்கவாட்டில் கிடந்தது. முன்னங்காலின் எலும்பு தோலுக்கு வெளியே நின்றது. அந்தப் பெண் ரோட்டோரச் சரளையில் விழுந்திருந்தாள். தோளெலும்பு ஒடிந்து கை தப்பான பக்கம் திரும்பியிருந்தது. அவள் கத்தவில்லை, குதிரைதான் கத்தியது. எழ முயன்று முயன்று விழுந்தது. கடிவாளத்தைப் பிடிக்கப் போனேன். தலையைத் திருப்பி ஒரே முட்டில் என்னைக் கீழே தள்ளியது.

பண்ணைக்காரர் பிக்கப்பில் வந்தார். முதலில் மகளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார். பிறகு துப்பாக்கியை எடுத்து வந்து, குதிரையின் நெற்றியில் கையை வைத்து ஏதோ சொன்னார். கையை எடுத்துவிட்டுச் சுட்டார். கால்கள் நாலும் ஒரு தடவை நீண்டு அடங்கின. அவர் குனிந்து ரோட்டில் கிடந்ததை விரலால் தொட்டு முகர்ந்தார். என் கையிலும் அதே சிவப்பு இருந்தது. நேராக வந்து துப்பாக்கிக் கட்டையால் தாடையில் அடித்தார். இரண்டு பல் விழுந்தது. நான் திருப்பி அடிக்கவில்லை. அந்த அடி எனக்குச் சேர வேண்டியதுதான்.

கூட்டம் மாலையில், பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில். நானும் வர வேண்டும் என்றார் அண்ணாச்சி. "வரலைன்னா ஒளிஞ்சுக்கிட்டோம்னு ஆயிரும்." தாடையில் துண்டைக் கட்டிக்கொண்டு மதினிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். முன்னால் மேசை போட்டு ஊர் மன்ற உறுப்பினர்கள் ஐந்து பேர். நடுவில் இருந்த தலைவி வயதான அம்மாள். ஒருவருக்கு மூன்று நிமிஷம், முடிந்தால் மணி அடிப்பார்கள். ஒருவர் தன் கிணறு ஏற்கனவே பாதி வற்றிவிட்டது என்றார். இன்னொருவர், தன் நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க இந்தச் சட்டம்தான் தடை, மாற்றுங்கள் என்றார். அவரைப் பின்னாலிருந்து ஒருவன் துரோகி என்றான். அவர் மைக்கை விட்டுவிட்டு அவன்மேல் பாய்ந்தார். நாற்காலிகள் சரிந்தன. நாலு பேர் பிடித்துப் பிரித்தார்கள்.

பண்ணைக்காரர் முறை வந்தது. ஒரு தீவன வாளியைத் தூக்கி வந்து மேசைமேல் கவிழ்த்தார். பூசணித் துண்டுகள், குங்குமச் சிவப்போடு. "என் மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அண்ணாச்சி எழுந்து போனார். ஸ்லைடைத் தொடவில்லை. இங்கிலீஷில் பேசினார். அது வாட்ச்மேன் செய்தது, அவனுடைய மூடநம்பிக்கை, எங்கள் குடும்பத்துக்கு எதுவும் தெரியாது, நாளைக் காலை அவன் அந்த நிலத்தில் இருக்க மாட்டான் என்றார். எட்டாவதோடு நின்றவன்தான் நான். ஆனால் பல வருஷம் இங்கிலீஷில் ஏச்சு வாங்கியவனுக்கு இது புரியாமல் போகாது. மதினி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பதட்டத்துல சொல்றாருங்க," என்றார் என்னைப் பார்க்காமல்.

வாயில் இரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது, விழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஓட்டெடுப்பில் நாலு பேர் வேண்டாம், ஒருவர் வேண்டும். குதிரைக்காக வருந்துகிறோம், ஆனால் அதை வைத்து நாங்கள் முடிவெடுக்கவில்லை, கிணற்றுத் தண்ணீரை வைத்துத்தான் எடுத்தோம் என்று தலைவி சொன்னார். அப்படியென்றால் அண்ணாச்சி என்னைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். தோற்றது தோற்றதுதான்.

கார் நிறுத்துகிற இடத்தில் பண்ணை வேலையாள், அந்தத் தொப்பிக்காரன் காத்திருந்தான். அண்ணாச்சியின் டையைப் பிடித்துச் சுழற்றிக் கீழே தள்ளினான். நான் அவர் கார் டிக்கியைத் திறந்து ஜாக்கிக் கம்பியை எடுத்தேன். எடுத்துவிட்டு நின்றேன். முதல் உதை வயிற்றில். இரண்டாவது முதுகில். அண்ணாச்சி என் பக்கம் கையை நீட்டினார். மூன்றாவது வாயில் விழுந்தது.

"பாத்துக்கிட்டு நிக்கறீங்களே!" என்று மதினி அலறினார். "அடிங்க! அதுக்குத்தான உங்கள வெச்சிருக்கோம்!"

நாலாவதற்கு அவன் காலைத் தூக்கியபோது முழங்காலில் கம்பியால் அடித்தேன். விறகு முறிகிற சத்தம். உட்கார்ந்துவிட்டான். எழ முடியாது என்று தெரிந்த பிறகும் தோளில் இன்னொன்று போட்டேன். கூடத்திலிருந்து ஆட்கள் வெளியே வந்து கத்தினார்கள். யாரோ ஷெரிஃபுக்குப் போன் போடச் சொன்னார்கள்.

அண்ணாச்சி காரைப் பிடித்து எழுந்து நின்றார். உதடு கிழிந்து தொங்கியது.

"நீங்க போயிருங்க. ஷெரிஃப் வந்தா பேப்பர் கேப்பாங்க. எனக்கும் சிக்கலாயிரும்."

"ரூம் கட்டித் தாறேன்னு சொன்னீங்களே அண்ணாச்சி."

"எங்கீங்க கட்டறது இனி?" என்றார்.

கம்பியை டிக்கியில் போட்டு மூடினேன். பள்ளிக்கூட மைதானத்தைத் தாண்டி வேலியேறிக் குதித்து, ஹைவே வரை நடந்தேன். பாதாம் கொட்டை ஏற்றிப் போன ஒரு லாரி நின்றது. தாடைக்கு என்ன ஆயிற்று என்று டிரைவர் கேட்டான். குதிரை உதைத்துவிட்டது என்றேன். உடுத்தியிருந்த துணியோடு தெற்கே போய், மறுநாள் பழம் அடைக்கிற ஒரு பாக்கிங் ஷெட்டில் பெட்டி தூக்கினேன்.

அண்ணாச்சிக்கு விழுந்த இரண்டாவது உதையிலேயே குறுக்கே போயிருக்கலாம் என்று இப்போதும் சில நேரம் தோன்றுகிறது. முதல் உதைக்கே குறுக்கே போயிருக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.