வராதவன் வரும் கதைகள்

இப்போது என் கதைகளில் குறை கண்டால் வாசகர்கள் கைபேசியிலேயே சொல்லிவிடுகிறார்கள். நன்றி என்று பதில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறேன். பெரியப்பாவின் காலத்தில் குறை சொல்ல ஒருவர் பஸ் ஏறி வரவேண்டியிருந்தது. அப்படி வந்த ஒருவரை நான் இன்றும் மறக்கவில்லை.

ஓர்ஸ் ஹில் பகுதியில் எங்களுக்குப் பக்கத்து வீடு பெரியப்பாவுடையது. பகலில் கந்தோர் வேலை, மாலையில் கதை. ஞாயிற்றுப் பத்திரிகையில் அவருடைய கதை வந்தால் வீதி முழுக்கத் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே தெரியப்படுத்துவார். யாராவது புகழ்ந்தால், "ஏதோ, அம்பாள் எழுதுவிக்கிறா" என்று தலை குனிவார். புகழுக்கு அப்படியொரு பதில் தயாராக இருந்தது. குறைக்குத்தான் ஒன்றும் இல்லை.

அவருடைய கதைகள் எல்லாம் ஒரே மாதிரி. சண்டைக் காலத்தில் காணாமற்போன பிள்ளை கடைசியில் படலையைத் திறந்துகொண்டு வந்துவிடுவான். தாய், "சாப்பிட்டியா?" என்பாள். பெரியப்பாவின் ஒரே மகன், எனக்கு அண்ணன், சைக்கிளுக்கு ரியூப் வாங்கப் போய்த் திரும்பாதவன். நான் அப்போது கைக்குழந்தை. பெரியம்மா வெள்ளிதோறும் கோயிலில் அவனுடைய பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வார். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் செய்வார்கள். ஆகவே அண்ணன் வருவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஒரு ஞாயிறு காலை ஈச்சிலம்பற்றிலிருந்து ஓர் அம்மா வந்தார். மூதூர் வரை பஸ்ஸில் வந்து, பிறகு லோஞ்சில் கடல் கடந்து, கையில் எருமைத் தயிர்ச் சட்டியோடு. பெரியப்பாவின் கதைகள் அவருக்கு ஒன்றுவிடாமல் மனப்பாடம். அவர் சொல்லச் சொல்லப் பெரியப்பா கதிரையில் நிமிர்ந்துகொண்டே போனார், அம்பாளையும் அடிக்கடி இழுத்தார். பெரியம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"ஐயா, ஒண்டு சொன்னாக் கோவிக்கப்படாது" என்றார் அந்த அம்மா. "உங்கட கதையில எல்லாப் பிள்ளையளும் வந்திடுதுகள். என்ர மகன் வரேல்ல. பிள்ளை வராத வீட்டிலயும் அடுத்த நாள் உலை வைக்கத்தானே வேணும். அந்த வீட்டை ஒருக்கா எழுதுங்கோ. உங்களாலதான் ஏலும்."

பெரியப்பாவின் முகம் கறுத்தது. "விருப்பமில்லாட்டி வாசியாதேங்கோ."

"விருப்பமில்லாமலா இவ்வளவு தூரம் வந்தனான்?"

அண்ணனைப் பற்றி அந்த அம்மாவுக்குத் தெரியாது. 'என்ர மகனும் வரேல்ல' என்று பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த அம்மா தேத்தண்ணியை முழுவதும் குடித்தார். மிச்சம் வைத்தால் மரியாதையில்லை என்று நினைத்திருக்கலாம். பெரியம்மா படலை வரைக்கும் கூடப் போய் ஏதோ மெல்லச் சொன்னார். அதைக் கேட்டதும் அந்த அம்மா பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் வெயிலில் அப்படியே நின்றார்கள். பெரியப்பாவை அவமதித்தவரோடு இவருக்கு என்ன கொண்டாட்டம் என்று எனக்குப் பொல்லாத கோபம்.

பின்னேரம் பெரியப்பா மேசைக்கு முன்னால் இருந்தார். பேனையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"அவ கேட்டதை எழுதுங்கோவன்" என்றார் பெரியம்மா.

"எழுதினா முடிஞ்சுதெண்டு ஆகிடும். என்னால ஏலாது."

அவருடைய குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவர் எழுதவே இல்லை. பிள்ளை வருகிற கதையும் இல்லை, வராத கதையும் இல்லை.

எனக்கு மனது ஆறவில்லை. அன்றிரவு பெரியம்மா குசினியில் தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அவ சொன்னது பிழைதானே, பெரியம்மா? கதையில எண்டாலும் பிள்ளை வந்தா நல்லதுதானே?"

"ஓம், நல்லதுதான்" என்றார் பெரியம்மா. "ஆனா ஒவ்வொருக்காலும் அவன் பேப்பரில வந்திட்டு, வீட்டை வரேல்லயே."

"வருவான், பெரியம்மா" என்று நான் அவருக்குத் தைரியம் சொன்னேன்.