அம்மா இரண்டாம் முறை பாடியது

எங்கள் படத்தில் நடிக்க வந்த பிரெஞ்சுக்கார அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, அரங்கத்துப் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கணம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். சேலத்தில், ஏற்காட்டு மலை தெரியும் ஒரு சினிமா ஸ்டுடியோவில் வசனத்தைப் பிரதியெடுப்பதும், நடிகர்கள் மறந்தால் மறைவிலிருந்து எடுத்துக்கொடுப்பதும் என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

அம்மா பாரிசில் சின்ன வயதிலேயே மேடையேறிப் பாடியவர். பேசாத படங்களில் நடித்தவர். நாடகக் குழுவோடு புதுச்சேரிக்கு வந்து, குழு கப்பலேறிய பிறகும் தங்கிவிட்டார். அங்கே ஒரு பாகவதரிடம் வருஷக்கணக்காய்ப் பாட்டுப் படித்தார். ஆனால் தமிழ்ப் படங்களில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் துரைசானி வேஷம்தான். கையில் கோப்பையோடு நிற்பார், போய்விடுவார். ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் எங்கள் படத்தில், கடல்கடந்து அரசவைக்கு வரும் பாடகியாக, ஒரு பாட்டு கிடைத்தது.

பாட்டைத் தனியே பதிவுசெய்து வாயசைக்கிற முறை அப்போதே வந்துவிட்டது. அம்மா சம்மதிக்கவில்லை. "பாடாத வாயை அசைக்க நான் என்ன பொம்மையா, தம்பி?" என்று என்னிடம் கேட்டார். பிலிமுக்குக் கடும் தட்டுப்பாடு. டைரக்டர் ஒரே ஒரு சுருள் ஒதுக்கினார். அது கெட்டால் படத்தில் பாட்டே கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

அவையில் உட்கார ராசிபுரம் பக்கத்துக் குடியானவர்கள் நாற்பது பேரை லாரியில் கூட்டிவந்து, சரிகைத் தலைப்பாகை கட்டினோம். மூச்சுச் சத்தம்கூட வரக்கூடாது என்று அவர்களை எச்சரித்தவன் நான்தான். இருமல் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார் ஒரு பெரியவர். விழுங்கிவிடுங்கள் என்றேன். "ராசா ஊட்டுல இருமக்கூட உடமாட்டாங்களாட்டம் இருக்குது," என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா பாடத் தொடங்கினார். அதை எழுத எனக்குத் தெரியவில்லை. மேல் ஸ்தாயியில் ஒரு சொல்லை எடுத்து, அங்கேயே நிறுத்தி, மெல்ல இழைத்து இறக்கினார். எங்கள் பக்கத்து நாடகங்களில் பாட்டு நெஞ்சைத் தொட்டால் "ஒன்ஸ் மோர்" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பாடினவரை அவமதித்ததாகும். கேட்டுவிட்டால் பாடினவர் மறுபடி பாடியே ஆக வேண்டும்.

பாட்டு முடிய இரண்டே அடி இருந்தபோது ஒரு குரல் "ஒன்ஸ் மோர்" என்றது. உடனே நாற்பது குரலும் சேர்ந்துகொண்டன.

டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். சுருள் தீர்ந்துவிட்டது என்று கேமராக்காரர் கையை விரித்தார். அம்மா எங்களைப் பார்க்கவில்லை. அந்த நாற்பது பேரையும் பார்த்துக் கைகூப்பிவிட்டு, ஆர்மோனியக்காரருக்குக் கண்காட்டி, பல்லவியிலிருந்து ஆரம்பித்தார். ஓடாத கேமராவின் முன்னால், ஓர் அடியையும் குறைக்காமல் பாடி முடித்தார். டைரக்டரும் நின்றபடியே கேட்டார்.

பிறகு, யார் முதலில் கத்தியது என்று அதட்டல் எழுந்தது. இருமலைப் பற்றிக் கேட்ட பெரியவர் எழுந்து, "நாந்தானுங்க," என்றார். கத்தியது அவர் இல்லை. நான் அம்மாவின் முன்னால் போய் நின்று, "மொதல்ல கேட்டது நாந்தானுங்கம்மா," என்றேன்.

"தெரியும். தினமும் மறைவிலிருந்து நான் கேக்குற குரல்தானே," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, "பாரிசுல என்னை யாரும் திரும்பப் பாடச் சொன்னதில்ல, தம்பி," என்றார்.

அவர் புதுச்சேரிக்குத் திரும்பிவிட்டார். பிறகு எந்தப் படத்திலும் அவரை நான் பார்க்கவில்லை. போன மாசம் அந்தப் படம் ராசிபுரம் டூரிங் கொட்டகைக்கு வந்தது. திரையில் அம்மா அவைக்கு வந்து, வணங்கி நிமிர்ந்தார். எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த அதே பெரியவர் பக்கத்து ஆளின் தோளைத் தட்டி, "இப்பப் பாடுவாங்க பாருங்க," என்றார்.

அதற்குள், பாட்டு இல்லாமலே காட்சி மாறி, திரையில் குதிரைகள் ஓடின. பெரியவர் மட்டும் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.